நாலாம் நம்பர் சூடு

போடி
9 செப்டம்பர் 2024

இஜாஸ் அண்ணனுக்கு, சுஃபியாவின் சலாம்.

பாக்கெட் ஒட்டுகிற மெஷின் ரூமில் டியூப்லைட்டுக்கு மேலே எப்போதும் ஒரு பல்லி இருக்கும். ஒரு வாரமாக அதைக் காணவில்லை. தேடினால் அடுப்படிக்குப் போயிருக்கிறது. அங்கே ஏற்கெனவே ஒன்று உண்டு. இரண்டும் சண்டை போட்டுக்கொண்டாலும் அங்கேயே கிடக்கின்றன, இந்தப் பக்கம் வரமாட்டேன் என்கின்றன. அதைப் பார்த்த பிறகுதான் அந்த ரூமில் எவ்வளவு புகை என்று எனக்கு உறைத்தது. நாங்கள் தினமும் உள்ளேயே இருப்பதால் மூக்குக்குப் பழகிவிட்டது.

நீ மலைக்குப் போனதும் நீ பேசி வாங்கின அந்தப் புதுக் கவர் ஆர்டரை அத்தா தூக்கி எறிந்துவிடுவார் என்று நினைத்தோம். எறியவில்லை. "அவன்தான் ஓடிப் போனான். குடுத்த வாக்கு ஓடல" என்றார். மலை மேலே உள்ள கடைகள், மறுபடி உருக்கிப் பயன்படுத்துகிற கவரில் வந்தால்தான் ஏலக்காய் எடுப்போம் என்று உறுதியாகச் சொல்லிவிட்டன. அதனால் அதில்தான் பாக்கெட் போடுகிறோம்.

ஆனால் அது ஒட்டமாட்டேன் என்கிறது. சூடு குறைந்தால் வாய் பிரிகிறது. கூடினால் மெஷின் கம்பியோடு ஒட்டிக்கொண்டு கருகுகிறது. அத்தா கூட்டித்தான் வைக்கிறார். சூட்டுத் திருகில் ஏழாம் நம்பர். ஃபேன் போட்டால் ஏலக்காய்த் தொலி பறந்து கவருக்குள் போகும் என்று ஃபேனும் இல்லை, கதவும் சாத்தியிருக்கும். மெழுகுவர்த்தியை ஊதி அணைத்தால் ஒரு வாடை வருமே, அது நாள் முழுக்க நிற்கிறது.

அத்தாவுக்கு நெஞ்சு முன்பே சரியில்லை. இப்போது கொஞ்சம் பாக்கெட் போட்டதும் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுகிறார். மூச்சு வாங்கிய பிறகுதான் அடுத்தது. தேனி டாக்டர் நம் அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு, இந்தப் புகையில் இன்னும் இருந்தால் ஆள் தாங்கமாட்டார் என்று சொன்னார். மெஷினை நிறுத்துங்கள் என்று அத்தாவிடம் சொல்ல எங்களுக்குத் தைரியம் இல்லை. சொன்னாலும் கேட்கமாட்டார்.

வீட்டில் இருக்கிற ஒரே போனில் உன் நம்பரை அத்தா அடைத்து வைத்திருக்கிறார். நீ வேலை பார்க்கிற ஏல ஸ்டோரிலும் டவர் இல்லை என்று பால்சாமி அண்ணன் சொன்னார். அதனால் அவர் ஜீப்பிலேயே கொடுத்துவிடுகிறேன். வகுப்பில் எழுந்து வாசிக்கச் சொன்னதும் நாக்கு ஒட்டிக்கொண்டு ஒன்பதாவதோடு நின்றவள் நான். எழுதும்போது மட்டும் வாய் வருகிறது.

குறைந்த சூட்டில் அந்தக் கவரை ஒட்ட வழி இருந்தால் எழுது. புகை நின்றால் அத்தா பிழைப்பார்.

சுஃபியா


ஏல ஸ்டோர்
14 செப்டம்பர்

சுஃபி,

வீட்டு விஷயம் எனக்கு எழுதாதே. ஏலக் கடைத் தெருவில் அத்தனை பேர் பார்க்க என்னை அறைந்தவர் அவர். முதல் லோடு வாய் பிரிந்து திரும்பி வந்தது. அது என் தப்பா மெஷின் தப்பா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மெஷினைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

பழைய கவர் வெளியே ஒரு சரக்கு, உள்ளே ஒரு சரக்கு. உள்ளே இருப்பது உருகி ஒட்டும், வெளியே இருப்பது தாங்கும். எவ்வளவு சூடு வைத்தாலும் கவலை இல்லை. புதுசு முழுக்க ஒரே சரக்கு. அதனால்தான் மறுபடி உருக்க முடிகிறது. அதனாலேயே உள்பக்கம் ஒட்டும்போது வெளிப்பக்கமும் உருகிவிடும். ஒட்டுவதற்கும் கருகுவதற்கும் நடுவில் கொஞ்சம்தான் இடம். ஏழில் வைத்தால் அந்த இடத்தை எப்போதோ தாண்டியாச்சு.

நாலு, அஞ்சு, ஆறு. மூன்று நம்பரிலும் சில பாக்கெட் ஒட்டி அனுப்பு. எது எது என்று தெரிய நூல் கட்டு. ஜீப்பு மேட்டில் ஏற ஏற உள்ளே இருக்கிற காற்று உப்பும். சரியாக ஒட்டினது தலையணை மாதிரி வந்து சேரும். ஓட்டை உள்ளது தட்டையாக வரும். தண்ணீரில் முக்கியும் பார்க்கிறேன்.

இங்கே மழை விடவில்லை. காய் காய வைக்கிற அடுப்புக்கு என்னோடு ஒரு மலையாளச் சேட்டன் இருக்கிறார். அவர் பேசுவது எனக்குப் பாதி, நான் பேசுவது அவருக்குப் பாதி. சண்டை வர வழியே இல்லை.

அம்மாவுக்கு சலாம்.

இஜாஸ்


போடி
20 செப்டம்பர்

அண்ணே,

இதோடு பாக்கெட் வருகிறது. சிவப்பு நூல் ஆறு, மஞ்சள் அஞ்சு, பச்சை நாலு.

இன்றைக்கு அத்தா ஜும்ஆவுக்குப் போன நேரத்தில் ஒட்டினேன். காய் பொறுக்க வருகிற ராக்கு அக்கா சாப்பாட்டுத் தூக்கோடு வாசலில் நின்று பார்த்துவிட்டார்.

"என்னடி, அவுக தொழுகப் போன நேரமாப் பாத்துத் திருட்டுச் சோலி?"

"திருடலக்கா. ஒட்டிப் பாக்குறேன்."

"நல்லா ஒட்டு. ஒங்கத்தா கேட்டா நான் பாக்கலைன்னு சொல்லிர்றேன். எனக்குத்தான் கண்ணு தெரியாதுல்ல, அதான காய் பொறுக்குற சோலி குடுத்திருக்காரு."

நான் சிரித்தேன். நம்பரை மறுபடி ஏழுக்குத் திருப்பி வைத்துவிட்டு வந்தேன்.

வீட்டு விஷயம் எழுதாதே என்றாய். எழுதவில்லை. அத்தா இப்போது படுப்பதில்லை, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்குகிறார் என்பது மட்டும்.

சுஃபியா


ஏல ஸ்டோர்
25 செப்டம்பர்

சுஃபி,

சிவப்பு எல்லாம் தட்டை. ஒட்டின இடம் சுருங்கி, கண்ணுக்குத் தெரியாத ஓட்டை. தண்ணீரில் முக்கினால் வரிசையாகக் குமிழி. மஞ்சள் பாதிக்குப் பாதி. பச்சையில் ஒன்றே ஒன்று தலையணை மாதிரி வந்தது. அதை மட்டும் எவ்வளவு அமுக்கியும் ஒரு குமிழி வரவில்லை. நாலாம் நம்பர்தான். ஆனால் நம்பர் மட்டும் போதாது.

மற்றப் பச்சையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஒட்டின கோட்டில் குறுக்கே ஒரு மயிர் மாதிரி, ஏலக்காய்த் தொலியின் நார். அந்த நார் வழியாகக் காற்று நடந்து போகிறது. இந்தக் கவரைக் கையால் தேய்த்துப் பிரித்தால் தூசியை இழுத்துக்கொள்ளும். ஒட்டுவதற்கு முன் வாயின் உள்பக்கத்தைக் காய்ந்த துணியால் துடை.

இன்னொன்று. ஒட்டின இடத்தில் தேங்காய் எண்ணெய் வாடை. கவர் ஒட்டிக்கொள்ளக்கூடாது என்று கம்பி மேல் இருக்கிற துணியில் எண்ணெய் தடவுகிறாரா? எண்ணெய் பட்ட இடத்தில் எந்தக் கவரும் சேராது. அந்த எண்ணெய்தான் பாதிப் புகை. துணியை மாற்று.

மூன்றாவது, மெஷினின் மிதி. அதில் லைட் அணைந்ததும் காலை எடுத்துவிடுவோம், அது பழைய கவர் பழக்கம். இதில் லைட் அணைந்த பிறகும் மிதித்தே வைத்திரு. அழுத்தத்திலேயே அது ஆற வேண்டும். சுடச்சுட விட்டால் பிரியும்.

இஜாஸ்


போடி
4 அக்டோபர்

அண்ணே,

புகை நின்றுவிட்டது.

எண்ணெய்தான். அத்தா தினமும் காலையில் துணியில் தடவிவிட்டுத்தான் உட்காருவார். நான் புதுத் துணி மாற்றினேன், வாயைத் துடைத்தேன், நாலில் வைத்து மிதித்துக்கொண்டே இருந்தேன். இன்றைக்கு ஜும்ஆ முடிந்து அத்தா நேராக வந்துவிட்டார். கதவில் நின்றதை நான் பார்க்கவில்லை.

"யாரு நம்பரைத் திருப்புனது?"

ராக்கு அக்காதான் முந்திக்கொண்டு சொன்னார். "ஒங்க மகதேன். நாலுல வச்சு மிதிச்சிட்டிருக்கா. காலை எடுக்கவே மாட்டேங்குறா, தையல் மிஷின்னு நெனச்சுட்டா போல."

அத்தா ஒரு பாக்கெட்டை எடுத்துத் தரையில் வைத்து அதன் மேல் ஏறி நின்றார். உள்ளே காய் நொறுங்குகிற சத்தம் கேட்டது. ஒட்டு பிரியவில்லை.

"ஒனக்கு யாரு சொன்னா?"

"நானாப் பாத்தேன் அத்தா."

அவ்வளவுதான் சொன்னேன். இந்த வருஷத்தில் அவரிடம் நான் பேசியதில் அதுதான் நீளமான பேச்சாக இருக்கும். அவர் உட்கார்ந்து நாலிலேயே ஒட்ட ஆரம்பித்தார். சாயங்காலம் வரைக்கும் ஒரு தடவைகூட மேஜையைப் பிடித்துக்கொள்ளவில்லை. அம்மா அடுப்படியில் நின்று அதைக் கவனித்துக்கொண்டே இருந்தார், சோறு அடிப்பிடித்துவிட்டது.

சுஃபியா


ஏல ஸ்டோர்
10 அக்டோபர்

சுஃபி,

நானாப் பாத்தேன் என்று சொன்னதாக எழுதியிருக்கிறாய். அந்த வரியைப் படித்துவிட்டு அடுப்புக்கு விறகு போடப் போய்விட்டேன். சேட்டன் என்ன என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். அது அவருக்குப் புரிந்தது.

லோடு வந்ததைக் கடையில் போய்ப் பார்த்தேன். முன்னைக்கு எவ்வளவோ தேவலை. ஆனால் சிலது மூலையில் வெடித்திருக்கிறது. அது ஒட்டின குறை இல்லை, காற்று. பாக்கெட் உப்பலாக இருந்தால்தான் நிறைவாகத் தெரியும் என்று அவர் வாயைக் காற்றோடு மூடுவார். காலம் காலமாகப் போடியில் அப்படித்தான். பழைய கவர் தாங்கியது. இந்தக் கவர் கீழே உப்பலாக இருந்தால் மேட்டு வளைவில் மேலும் உப்பி, மூலை பிளக்கும். ஒட்டுவதற்கு முன் உள்ளங்கையால் தடவிக் காற்றில் பாதியை வெளியே தள்ள வேண்டும்.

இதை நான் சொன்னேன் என்று அவரிடம் சொல். சொல்லிவிட்டுச் செய். என் பேரைச் சொல்லாமல் செய்வதானால் இனி எனக்கு எழுத வேண்டாம்.

இஜாஸ்


போடி
19 அக்டோபர்

அண்ணே,

உன் கடிதம் வருவதற்குள் கடையிலிருந்து போன் வந்துவிட்டது. பாக்கெட் வெடித்திருக்கிறது என்றார்கள். அத்தா அதை ஒட்டுப் பிரிந்தது என்று எடுத்துக்கொண்டார். மறுபடி ஏழு. மறுபடி எண்ணெய். மூன்று நாள் அப்படியே ஓடியது. மூன்றாம் நாள் ஸ்டூலிலிருந்து எழுந்திருக்க முடியாமல் ராக்கு அக்காவும் நானும் தூக்கி வந்தோம். உதடு நீலமாக இருந்தது.

ஒரு நாள் படுத்துவிட்டு மறுபடி மெஷினுக்கு வந்தார். அதற்குள் உன் கடிதம் வந்திருந்தது, உன் பேரைச் சொல்லத்தான் போனேன். நிஜமாகப் போனேன். கதவு வரை போனபோது அத்தா உள்ளே ராக்கு அக்காவிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"அந்தப் பய பேச்சைக் கேட்டுத்தான் மொத லோடே போச்சு. அவன் சொன்னான்னா நான் நேர் எதிரா செஞ்சிருக்கணும். அப்பத் தெரியல."

"அவனும் ஒங்க ரத்தந்தான அண்ணே."

"அதுதான் வெனையே."

சொன்னால் ஏழை விடவே மாட்டார் என்று தெரிந்தது. அதனால் உள்ளே போய், காற்று கூடிப்போனதால்தான் வெடிக்கிறது, ஒட்டு நன்றாகத்தான் இருக்கிறது என்றேன். நான் பார்த்ததாகவே சொன்னேன்.

"தட்டையா அனுப்புனா கடைக்காரன், இந்த மூசா எடையில கை வச்சுட்டான்னு என்னையச் சொல்லுவான்டி" என்றார்.

"நாலு பாக்கெட் மட்டும் அனுப்பிப் பாப்போம் அத்தா."

என் முகத்தையே பார்த்தார். பிறகு நம்பரை அவரே நாலுக்குத் திருப்பினார்.

எழுத வேண்டாம் என்று சொல்லியும் எழுதுகிறேன். டாக்டர் மாத்திரையை மாற்றியிருக்கிறார், குழாய் வைத்து இழுக்கிற மருந்தும் கொடுத்திருக்கிறார். நெஞ்சில் சத்தம் குறையவில்லை. இனி புகை இருக்காது என்று அம்மா சொன்னார். ஆனால் உள்ளே போனது போனதுதான் என்றார் டாக்டர். நீ வா. பேச வேண்டாம், வந்து நின்றால் போதும்.

சுஃபியா


ஏல ஸ்டோர்
24 அக்டோபர்

சுஃபி,

அவர் கூப்பிடட்டும், வர்றேன். என் நம்பரைத் திறந்து ஒரே ஒரு கால். பேசக்கூட வேண்டாம், மிஸ்டு கால் போதும். ஸ்டோருக்கு மேலே பாறையில் டவர் கிடைக்கிறது. சோலி முடிந்ததும் தினம் சாயங்காலம் அங்கே போய் நிற்கிறேன். அட்டை கடிக்கிறது, பரவாயில்லை.

நீ அனுப்பின நாலு பாக்கெட்டும் நன்றாக வந்திருக்கிறது. கொஞ்சம் தளர்வாக ஏறி, இங்கே வந்து அளவாக நிரம்பி நிற்கிறது. கடைக்காரர் இதே மாதிரி போடச் சொன்னார்.

யார் கண்டுபிடித்தது என்றும் கேட்டார். தங்கச்சி என்றேன்.

இஜாஸ்


போடி
12 நவம்பர்

அண்ணே,

அத்தாவைத் தேனி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறோம். காலையிலிருந்து மூச்சு மேலே மேலே போகிறது. பால்சாமி அண்ணன் சீட்டுக்காக வாசலில் நிற்கிறார், இதற்கு மேல் எழுத நேரமில்லை. கூப்பிடுவார் என்று காத்திருக்காதே. வெரசா வா.

சுஃபியா


ஏல ஸ்டோர்
1 டிசம்பர்

சுஃபி,

அன்றைக்குச் சொல்லாததை எழுதுகிறேன். உன் சீட்டு, நடந்து ஏறி வந்த ஒருவர் மூலம் என் கைக்கு வந்தபோது மேட்டுப் பாதையில் மண் சரிந்து ஜீப்பு எல்லாம் நின்றுபோயிருந்தது, மழையில் பாறையிலும் டவர் இல்லை. மறுநாள் விடிந்ததும் காட்டு வழியாக நடந்து குரங்கணிக்கு இறங்கினேன். அங்கே டீக்கடையில் இருந்த ஒருவர் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். அப்போதே தெரிந்துவிட்டது. நான் வந்து சேர்ந்தபோது அடக்கம் முடிந்து கபருஸ்தானில் ஆள் இல்லை, மண் ஈரமாக இருந்தது.

மூன்று நாள் வீட்டில் இருந்தேன். வந்தவர்கள் எல்லாம் உன்னைத்தான் சொன்னார்கள். மூசா ராவுத்தர் மகள் இல்லாவிட்டால் அந்தக் கடை அன்றைக்கே போயிருக்கும், அந்தக் கவரை ஒட்டுகிற வித்தை தெரிந்தது போடியிலேயே அவளுக்குத்தான், மூசா சாகும் வரைக்கும் பார்க்கிறவர்களிடமெல்லாம் அதைத்தான் சொன்னார் என்றார்கள். நான் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதனால்தான் நாலாம் நாள் ஏறி வந்துவிட்டேன். இங்கே சோலி இருந்தது என்று சொன்னது பொய்.

உன் மேல் கோபம் இல்லை என்று எழுத வேண்டும் என்று பார்க்கிறேன். எழுத வரவில்லை.

ஒன்றே ஒன்று சொல். கடைசியில் அவர் என்னைக் கேட்டாரா?

இஜாஸ்


போடி
8 டிசம்பர்

அண்ணே,

கேட்கவில்லை.

கேட்டார் என்று எழுதிவிடலாமா என்று ரொம்ப யோசித்தேன். நீ பாறையில் போய் நின்றதை நினைத்தால் அப்படி எழுதத்தான் தோன்றியது. ஆனால் நீ ஒரு பாக்கெட்டைத் தண்ணீரில் முக்கி, குமிழி வந்தால் வந்தது என்று எழுதியவன். உனக்குப் பொய் எழுத முடியவில்லை.

ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாய் வைத்திருந்தார்கள். கையால் என்னைக் கிட்டக் கூப்பிட்டார். "ஒட்டு நிக்குதா?" என்றார். நிற்கிறது, ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை என்றேன். "நல்லாப் பாத்த" என்றார். அதற்குப் பிறகு பேசவில்லை.

அப்போது சொல்லியிருக்கலாம். எழுந்து போய் நம்பரைத் திருப்ப அவரால் இனி முடியாது என்று எனக்குத் தெரியும். பயமும் இல்லை. ஆனால் அவர் முகம் அந்த நேரத்தில் சந்தோஷமாக இருந்தது. அதில் போய் உன் பேரை வைக்க எனக்கு மனசு வரவில்லை. நீ அதற்காக என்னை மன்னிக்க வேண்டும் என்று கேட்கவில்லை. நடந்தது இது.

நாலில் வைத்தது தாமதம். அவ்வளவுதான். ஒரு மாதம் முன்னால் வைத்திருந்தால் என்று அன்றைக்கே ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் கேட்டேன். அவர் அம்மாவைப் பார்த்தார்.

அம்மா அத்தாவுக்கான இத்தாவில் நாலு மாதம் பத்து நாள் உள்ளறையில் இருக்க வேண்டும். வெளி ஆட்கள் முன்னால் வரக்கூடாது. அதனால் யார் வந்தாலும் நான்தான் பதில் சொல்ல வேண்டும். கதவுக்குப் பின்னால் நின்று ஆமா, இல்லை என்கிறேன். ராக்கு அக்கா அதையே சத்தமாகத் திருப்பிச் சொல்கிறார். "ஆமாங்குது பிள்ளை. இல்லைங்குது பிள்ளை. எனக்கு இதுக்குத் தனிச் சம்பளம் போடு" என்கிறார்.

இப்போது நான் எழுதிக்கொண்டிருக்கும்போதே மூன்று பேர் வந்திருக்கிறார்கள். ஒருவர் மேலே கடை வைத்திருப்பவர், இரண்டு பேர் நம் தெரு யாவாரிகள். அவர்களும் புதுக் கவருக்கு மாற வேண்டுமாம். வாசலில் சேர் போட்டு உட்கார்ந்து, அத்தாவைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசினார்கள். இப்போது ஒருவர் உள்பக்கம் பார்த்துக் கேட்கிறார்.

"ஏம்மா, ஒங்கத்தா சொல்லிட்டே இருப்பாரு, என் மகதான் கண்டுபிடிச்சான்னு. எப்படிம்மா கண்டுபிடிச்ச?"

ராக்கு அக்கா என் பக்கம் திரும்பி, என்ன சொல்லணும் என்று பார்க்கிறார். பேனாவை வைத்துவிட்டு எழுந்திருக்கிறேன்.

மீதியைத் திரும்பி வந்து எழுதுகிறேன்.

கதவுக்கு வெளியே போய், அவர்கள் முன்னால் நின்று, "அது எங்கண்ணன் இஜாஸ் சொன்னது" என்றேன். இன்னொரு தடவையும் சொன்னேன், முதல் தடவை சத்தம் வரவில்லை. பிறகு உள்ளே போய் டீக்குப் பால் வைத்தேன்.

சுஃபியா